அடிக்கு ஓர் அடி: நடுத்தூரத்தில் ஸாங்கீஃபை ஆடும் முறை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் ஸாங்கீஃப் என்ற மல்லரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் வாரத்தில் பயிற்சி அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது ஸ்க்ரூ பைல்டிரைவர். திசைக்கட்டையை ஒரு வட்டம் சுழற்றி பஞ்ச் பட்டனை அழுத்தினால், அந்த மல்லர் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு சுழன்றபடி மேலே போய்த் தரையில் இறக்குவார். தடுப்புப் போட்டு நிற்பவரும் அதற்குத் தப்ப முடியாது. சாதாரணப் பிடியில் அகப்பட்டவர் பட்டனை அழுத்தி விடுவித்துக்கொள்வதுபோல இதில் விடுவித்துக்கொள்ளவும் வழியில்லை. இந்தப் பிடி கைவந்த மகிழ்ச்சியோடு இணையத்தில் ஆடப் போனால், பிடிக்கும் தூரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர்ப்பட்டையில் பாதி கரைந்திருக்கும்.

1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதலே இதுதான் ஸாங்கீஃபின் கதை. மெதுவான நடை, பெரிய உடம்பு, தூரத்திலிருந்து எறிய ஃபயர்பால் இல்லாமை ஆகிய மூன்றும் அவரோடு பிறந்தவை. 1994-இல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ வந்தபோது, ஃபயர்பாலை அழித்துக்கொண்டு முன்னேறும் ஒரு பச்சைக் கைவீச்சை அவருக்குக் கொடுத்தார்கள். ஆறாம் பாகத்தில் அந்தக் கைவீச்சு கிடையாது. ஆகவே இடைப்பட்ட தூரத்தைக் கடக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் ஆடுபவரின் கால்களிலும் கண்களிலும் வந்து விழுகிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பது மட்டுமே இங்கே பேசப்படுகிறது. ஒட்டி நின்ற பிறகு செய்ய வேண்டியவை வேறு பாடம், அவை எளியவையும்கூட.

தமிழில் ‘அடி’ என்ற சொல்லுக்குத் தாக்குதல் என்றும் பொருள் உண்டு, எடுத்து வைக்கும் காலடி என்றும் பொருள் உண்டு. ஸாங்கீஃபின் நடுத்தூர ஆட்டத்தை இந்தச் சொல்லை வைத்தே விளக்கிவிடலாம். அங்கே நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் அடியும் முன்னால் ஓர் அடி எடுத்து வைப்பதற்காக அடிப்பது. உயிர்ப்பட்டையைக் குறைக்கும் வேலை பைல்டிரைவருடையது. உதையும் குத்தும் எதிராளியை ஒரு கணம் அசையாமல் நிற்க வைத்தால் போதும். அந்தக் கணத்தில் நீங்கள் நடக்கலாம்.

எந்தத் தூரம் நடுத்தூரம்

எதிராளியின் நீண்ட உதை உங்களைத் தொடும், உங்கள் பிடி அவரைத் தொடாது என்ற இடம்தான் நடுத்தூரம். இந்த வரையறை பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபயர்பால் வீசும் ரியூவுக்கு எதிரே அது ஏறக்குறைய அவருடைய குனிந்த மீடியம் கிக்கின் நீளம். கைகால்கள் நீளும் தால்சிம்முக்கு எதிரே திரையின் பெரும்பகுதி நடுத்தூரமாகிவிடும்.

பயிற்சி அறையின் தரையில் கட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. அங்கே எதிராளியை அசையாமல் நிறுத்தி வைத்து, லைட் பஞ்சில் வரும் ஸ்க்ரூ பைல்டிரைவர் எந்த இடத்தில் நின்றால் கடைசியாகப் பிடிக்கிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். லைட், மீடியம், ஹெவி என்ற மூன்று வலுக்களில் லைட்டுக்குத்தான் கை நீளம் அதிகம், ஹெவிக்குக் குறைவு. சேதம் இதற்கு நேர்மாறாக இருக்கும். பிறகு அதே இடத்திலிருந்து சிறிது சிறிதாகப் பின்வாங்கி, உங்களுடைய குனிந்த மீடியம் கிக்கும் காலை வாரும் ஹெவி கிக்கும் எங்கே எட்டாமல் போகின்றன என்று பாருங்கள். பிடி எட்டும் கோட்டுக்கும் உதை எட்டும் கோட்டுக்கும் இடையில் உள்ள துண்டு நிலம்தான் உங்கள் களம். அது ஒன்றிரண்டு காலடிதான் இருக்கும். அந்த இரண்டு கோடுகளையும் தரையைப் பார்க்காமலே கண் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கபடியில் பாடிச் செல்பவர் எதிரணியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டுவாரே, அதே கணக்குதான் இதுவும்.

நடை

புதிதாக ஆடுபவர்கள் இந்தத் தூரத்தைத் தாவிக் கடக்கப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒருநாள் தோற்ற ஆட்டம் ஒன்றின் ரீப்ளேயை நிதானமாகப் பார்த்து எண்ணியபோது, ஒரே சுற்றில் 9 முறை தாவியிருந்தேன். அவற்றில் 6 முறை ஷோரியூகென் என்ற எழும்பிக் குத்தும் அடியை வாங்கி விழுந்திருந்தேன். எஞ்சிய மூன்றிலும் எதிராளி தடுத்துவிட்டார். தாவுவதே கூடாது என்று சொல்லவில்லை. எதிராளியின் கண் தரையில் இருக்கும்போது தாவினால்தான் அது பயன்படும். அவர் கண்ணைத் தரைக்குக் கொண்டுவரும் வேலை முதலில் நடையால் நடக்க வேண்டும்.

நடப்பதில் ஒரு தாளம் உண்டு. முன்திசையை ஒரு கணம் அழுத்தி இரண்டு சிறு காலடி வையுங்கள். உடனே பின்-கீழ்த் திசைக்கு மாறிக் குனிந்து தடுங்கள். மறுபடியும் ஒரு காலடி வையுங்கள். ஒரே சீராக நடந்தால் எதிராளி உங்கள் காலடியை எண்ணி, நீங்கள் காலைத் தூக்கும் கணத்தில் சரியாக உதைப்பார். ஆகவே இரண்டு காலடிக்குப் பின் ஒரு நிறுத்தம், ஒரு காலடிக்குப் பின் நீண்ட நிறுத்தம், பின்பு அரைக் காலடி பின்வாங்கல் என்று மாற்றி மாற்றி நடக்க வேண்டும். அரைக் காலடி பின்வாங்குவது வீண் என்று தோன்றும். உண்மையில் ஸாங்கீஃபின் நடையில் விலைமதிப்பு மிக்க அசைவு அதுதான். உங்களை உதைக்கலாம் என்று எதிராளி முடிவெடுத்த கணத்தில் நீங்கள் அங்கே இல்லையென்றால், அவருடைய கால் வெறும் காற்றில் நீண்டு கிடக்கும். நீண்டு கிடக்கும் காலை உங்கள் குனிந்த மீடியம் கிக்காலோ வாரல் உதையாலோ அடித்தால், தவறைத் தண்டித்த அடி என்ற பொருளில் திரையில் பனிஷ் கவுண்டர் என்று எழுத்து வரும். அதன்பின் அவர் அதே உதையை அவ்வளவு எளிதாக நீட்டமாட்டார். நீட்டத் தயங்கும் அந்த நேரம் உங்களுடைய நடைக்கு.

ஸாங்கீஃபின் உயிர்ப்பட்டை 11,000. ஆட்டத்தின் பெரும்பாலான பாத்திரங்களுக்கு 10,000. கூடுதலாகக் கிடைத்த அந்த 1,000-ஐ நடுத்தூரத்தில் செலவிடக் கொடுத்த கைப்பணமாக எண்ணிக்கொள்ளுங்கள். நடந்து போகும்போது இரண்டொரு சிறு உதைகள் பட்டால் பதறித் தாவுவதும், வரும் அடியைத் தாங்கிக்கொண்டு தாக்கும் டிரைவ் இம்பாக்டை அழுத்துவதும் வேண்டாம். உதை வாங்கிய பின்னும் நீங்கள் அதே கட்டத்தில் நின்றால் நட்டம் சிறிதுதான். உதைக்குப் பயந்து மூன்று கட்டம் பின்னால் போனால் நட்டம் பெரிது.

எந்த உதையை எதற்காக

குனிந்த மீடியம் கிக் உங்கள் அன்றாடக் கருவி. அது காலடியில் போகிறது. நின்றபடி நடந்து வருபவரை நிறுத்துகிறது. பட்டாலும் தடுக்கப்பட்டாலும் எதிராளி அதே இடத்தில் ஒரு கணம் நிற்பார். அதைப் பிடி எட்டும் கோட்டுக்குச் சற்று வெளியிலிருந்து, எதிராளி முன்னால் வரக்கூடும் என்று தோன்றும்போது வையுங்கள். அடித்து முடித்ததும் இன்னொன்றை அடிக்க வேண்டாம். அடித்ததும் ஒரு காலடி நடப்பதுதான் பழக்கமாக வேண்டும். தரவரிசையில் சில்வர், கோல்டு நிலைகளில் ஆடும் ஸாங்கீஃப்கள் பெரும்பாலும் உதையைத் தொடர்ந்து உதை, அதைத் தொடர்ந்து இன்னோர் உதை என்று போய், இரண்டாவது உதைக்கும் மூன்றாவது உதைக்கும் நடுவில் டிரைவ் இம்பாக்ட் வாங்குகிறார்கள்.

காலை வாரும் ஹெவி கிக்கை அளவோடு பயன்படுத்துங்கள். நீளம் உண்டு, பட்டால் எதிராளி விழுவார், விழுந்தவர் எழுவதற்குள் நீங்கள் ஒட்டிவிடலாம். ஆனால் அருகில் தடுக்கப்பட்டால் திருப்பி அடி விழும். எதிராளியின் அடி காற்றில் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் வாருவது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

நின்றபடி அடிக்கும் ஹெவி பஞ்சை அழுத்திப் பிடித்தால், வரும் ஓர் அடியைத் தாங்கிக்கொண்டு அந்தக் குத்து போய் விழும். எதிராளி உங்களைத் தூரத்திலேயே நிறுத்த ஒரே உதையை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், சுற்றுக்கு ஒரு முறை இதைக் காட்டுங்கள். ஒரு முறைக்கு மேல் காட்டினால் அவர் இரண்டு அடிகளை அடுத்தடுத்துப் போடவோ, நேரே வந்து பிடிக்கவோ தொடங்கிவிடுவார்.

டபுள் லாரியட் என்ற அந்தச் சுழல் அடியை நடுத்தூரத்தில் தரையில் இருப்பவர் மீது வீசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்க்க மிரட்டலாக இருக்கும். தடுத்துவிட்டு நிற்பவருக்கு அது இலவச விருந்து. தாவி வருபவருக்காக அதை எடுத்து வையுங்கள்.

சைபீரியன் எக்ஸ்பிரஸ் என்ற ஓடிப் பிடிக்கும் பிடியையும் பலர் இந்தத் தூரத்துக்கான விடை என்று நினைக்கிறார்கள். அவர் ஓடி வருவது கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தவர் தாவிவிடுகிறார். எதிராளி தடுப்பிலேயே உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்பது உறுதியான பிறகு, ஆட்டத்துக்கு ஒரு முறை போதும்.

வட்டத்தை ஒளித்து வைப்பது

நடுத்தூரத்தின் எல்லை வரை வந்துவிட்டீர்கள். இன்னும் ஒரு காலடி வைத்தால் லைட் பைல்டிரைவர் எட்டும். அந்த ஒரு காலடியில்தான் கை தடுமாறுகிறது. பைல்டிரைவர் தொடங்க 5 ஃப்ரேம்தான் ஆகிறது. ஆட்டம் விநாடிக்கு 60 ஃப்ரேமில் ஓடுகிறது என்பதால் அது கண் இமைப்பதைவிட வேகமானது. ஆனால் வட்டத்தின் கடைசித் திசை மேலே போகிறது. மேலே போனால் ஸாங்கீஃப் தாவுவார். தாவலுக்கு முன் அவர் தரையில் குனிந்து எழும் நேரம் சில ஃப்ரேம்கள்தான். மேல்திசை பதிவானதிலிருந்து அந்த இடைவெளிக்குள் பஞ்ச் விழுந்தாக வேண்டும்.

நின்ற நிலையில் இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, நடையையே வட்டத்தின் தொடக்கமாக்குவது. முன்னால் நடந்துகொண்டிருக்கும்போது முன்திசை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து கீழ், பின், மேல் என்று ஒரே வீச்சில் சுழற்றி, மேலே போகும்போதே லைட் பஞ்சை அழுத்துங்கள். வட்டம் முழுமையாக மூட வேண்டியதில்லை. பெருவிரலால் ஆடுபவர்கள் சுழற்சியைக் கீழே நிதானமாகவும் மேலே வேகமாகவும் செய்கிறார்கள். அது தலைகீழாக இருக்க வேண்டும். கீழ்ப் பாதியை விரைந்து கடந்து, மேலே போவதைப் பஞ்சோடு சேர்த்து ஒரே அசைவாகப் பழகினால் தாவல் குறையும். முழுதும் பட்டனாலான கன்ட்ரோலரில் ஆடுபவர்களுக்கு இது இன்னும் எளிது. நான்கு விரல்களை வரிசையாக மேசையில் தட்டுவதுபோலத் தட்டினால் ஆயிற்று.

இரண்டாவது வழி, வேறோர் அடியின் அசைவுக்குள் வட்டத்தை ஒளிப்பது. ஒரு லைட் கிக்கை வேண்டுமென்றே எட்டாத தூரத்தில் வையுங்கள். அந்தக் கால் நீண்டு திரும்பும் வரையில் நீங்கள் மேலே அழுத்தினாலும் ஸாங்கீஃப் தாவமாட்டார். ஆகவே வட்டத்தை அதற்குள் பதற்றமில்லாமல் முடித்துவிட்டு, கால் திரும்பியதும் பஞ்சை அழுத்தலாம். இதில் இன்னோர் ஆதாயமும் இருக்கிறது. எட்டாத உதையைக் கண்டதும் ‘தவறவிட்டார்’ என்று எண்ணி எதிராளி உதைக்கவோ முன்னால் வரவோ தொடங்குவார். முன்னால் வந்த அந்தக் காலடி அவரைப் பிடிக்குள் கொண்டுவந்துவிடும். இதைக் கொஞ்சம் ஆழமாகப் பழகினால், எதிராளி எந்த வெற்று உதைக்கு எதிர்வினை காட்டுகிறார், எதற்குக் காட்டுவதில்லை என்பதும் தெரிந்துபோகும்.

சிறப்பு அடிகளைக் குறுக்கு வழியில் தரும் மாடர்ன் கட்டுப்பாட்டில் ஆடுபவர்களுக்கு வட்டத் தொல்லை குறைவு. ஆனால் குறுக்கு வழியில் வரும் சிறப்பு அடிகளுக்குச் சேதம் 20 சதவீதம் குறைகிறது. ஸாங்கீஃபின் பிழைப்பே பிடியின் சேதத்தில் இருப்பதால், அந்த வட்டத்தைக் கற்றுக்கொள்வதற்கு இரண்டு வாரம் செலவழிப்பது நட்டமில்லை என்பது என் எண்ணம்.

எல்லைக் கோட்டில் எதிராளி செய்பவை

பிடி எட்டும் கோட்டுக்கு வெளியே நீங்கள் நிற்கும்போது எதிராளியின் மனத்தில் ஓடுவது ஒன்றே: அடுத்த காலடியில் பிடித்துவிடுவார். அதிலிருந்து விடுபட அவர் பின்னால் தாவலாம், தரையிலேயே பின்னால் விரைந்து விலகலாம், குட்டி அடி ஒன்றை வைத்து உங்களை நிறுத்தலாம், பேரி என்ற சிறப்புத் தடுப்பைப் பிடித்துக் காத்திருக்கலாம், டிரைவ் இம்பாக்டை வீசலாம். இத்தனைக்கும் ஒரே விடை இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் நன்றாகப் பொருந்தும் முதல் செயல் ஒன்று உண்டு: எதுவும் செய்யாமல் நின்று பார்ப்பது. இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது. ஆட்டத்தில் கை நடுங்கும்.

அவர் பின்னால் தாவினால் துரத்தி அடிக்கப் போகாதீர்கள். நடங்கள். அவருக்குப் பின்னால் இருக்கும் இடம் குறைந்துகொண்டே போகிறது. மூன்று தாவலில் மூலை வந்துவிடும். ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகள் வெல்வது வெட்டியல்ல, இடத்தை அடைத்து. உருவத்தில் ஸாங்கீஃப் புலியாக இருந்தாலும் நடுத்தூரத்தில் அவர் ஆட வேண்டியது ஆடுகளின் ஆட்டம். பின்தாவல் பழக்கமாகிவிட்டது என்று தெரிந்தால், பெரும் அடிகளுக்கான சூப்பர் பட்டையில் ஒரு கட்டு இருக்கும்போது ஏரியல் ரஷ்யன் ஸ்லாமால் அவரைக் காற்றிலேயே பிடிக்கலாம். ஒரு முறை அப்படிப் பிடிபட்டவர் அடுத்த முறை தரையிலேயே நிற்பார்; தரையில் நிற்பவரைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

குட்டி அடியால் உங்களை நிறுத்துபவருக்கு எதிரே அரைக் காலடி பின்வாங்கி, அந்தக் கை எட்டாத இடத்தில் நின்று மீடியம் கிக்கை வையுங்கள். குட்டி அடிகளுக்கு நீளம் இல்லை. உங்கள் காலுக்கு உண்டு.

பேரி பிடித்து நிற்பவர் உங்களுக்குக் கொடை. பேரி அடிகளைத் தாங்கும், பிடியைத் தாங்காது. பேரியில் இருப்பவரைப் பிடித்தால் அது பனிஷ் கவுண்டராகவே விழும். இதை அறிந்த எதிராளிகள் ஸாங்கீஃபுக்கு எதிரே பேரியைக் குறைத்துக்கொள்வார்கள். இதன் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மற்றப் பாத்திரங்கள் நடுத்தூரத்தில் பேரி பிடிக்கத் தயங்குவது எதிராளி நடந்து வந்து பிடித்துவிடுவார் என்பதால்தான். ஸாங்கீஃபை நடந்து வந்து பிடிக்க யாருக்கும் அவ்வளவு துணிவு வருவதில்லை, ஏனெனில் அந்தத் தூரம் உங்களுடையது. ஆகவே ஃபயர்பால் வரும்போதும் நீண்ட உதை வரும்போதும் பேரி பிடிக்க, மற்றவர்களைவிட உங்களுக்கு உரிமை அதிகம்.

டிரைவ் இம்பாக்ட் வந்து விழ 26 ஃப்ரேம் ஆகும், அரை விநாடிக்கும் சற்றுக் குறைவு. இரண்டு அடிகளைத் தாங்கும் அந்த அடியும் பிடிக்கு முன்னால் திறந்த கதவுதான். திரை நிறம் சிதறுவதைக் கண்டதும் வட்டத்தைச் சுழற்றப் பழகிக்கொண்டால், உங்களை மிரட்ட வந்தவரே தலைகீழாகப் போவார். முடியவில்லையென்றால் நீங்களும் டிரைவ் இம்பாக்டை அழுத்துங்கள், அதில் வெட்கமில்லை.

இருக்கும் வழிகளில் கடினமானது ஷோரியூகென் போன்ற எழும்பி அடிக்கும் அடி. அதன் வலுவேற்றிய வடிவமான ஓவர்டிரைவ் ஷோரியூகென் பிடியையும் அடித்து வீழ்த்தும்; அதற்கு டிரைவ் பட்டையில் 2 கட்டுகள் செலவாகும். எதிராளியிடம் அந்த 2 கட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இருந்தால் கோட்டில் வந்து ஒரு கணம் தடுத்துக் காட்டுங்கள். அவர் வீணாக எழும்பி இறங்கும்போது உயரமான ஒரு மல்லருக்கு வேண்டிய நேரம் எல்லாம் இருக்கும்.

டிரைவ் கணக்கு

பேரி, ரஷ், இம்பாக்ட் போன்றவற்றுக்குச் செலவாகும் டிரைவ் பட்டையில் 6 கட்டுகள். பேரியிலிருந்து ஓடும் டிரைவ் ரஷ்ஷுக்கு 1 கட்டு, அடியை இடையில் வெட்டி ஓடும் ரஷ்ஷுக்கு 3 கட்டு. நடுத்தூரத்தில் உங்களுக்கு வேண்டியது முதலாவதே. ரஷ்ஷோடு வரும் அடிக்கு 4 ஃப்ரேம் ஆதாயம் சேர்கிறது. ஆகவே தடுக்கப்பட்ட பின்பும் அடுத்த முறை உங்கள் கையில் இருக்கும், எதிராளி அசையாமல் உட்கார்ந்தால் பைல்டிரைவர் காத்திருக்கும். ஆனால் இதையே விடாமல் செய்தால், ஓடி வரும் பச்சை ஒளியைக் கண்டதும் குட்டி அடி ஒன்றை நீட்டி நிறுத்திவிடுவார்கள். மூன்று முறை நடந்து காட்டிய பிறகு ஒரு முறை ஓடுங்கள். ஓடி வந்து அடிக்காமல் நேராகப் பிடிப்பதும், ஓடி வந்து தடுத்து நிற்பதும் அதே அளவுக்குத் தேவை.

கட்டுகள் முழுவதும் தீர்ந்து பர்ன்அவுட்டில் விழுந்த ஸாங்கீஃபுக்கு நடுத்தூரம் நரகம். தடுக்கும் ஒவ்வோர் அடிக்கும் 4 ஃப்ரேம் கூடுதலாக உறைந்து நிற்க வேண்டும். சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் உயிர் கரையும். அடிகளைத் தடுப்பதும் இந்தப் பட்டையைக் குறைக்கிறது என்பதால், ஃபயர்பால்களைத் தடுத்துக்கொண்டே நடப்பவர் தன்னை அறியாமல் அந்த நிலைக்குப் போய்ச் சேருவார். தடுப்பதையும் பேரி பிடிப்பதையும் கலந்து ஆட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பேரியில் வாங்கிய அடி பட்டையை நிரப்புகிறது.

ரியூ, கைல், தால்சிம்

ரியூவுக்கு எதிரே நடக்கும் ஒரு சிறு பரிமாற்றத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். ரியூ குனிந்த மீடியம் கிக்கை வைத்து அதிலிருந்தே ஹடோகென் என்ற ஃபயர்பாலை வீசுகிறார். உதையைத் தடுத்தீர்கள், ஹடோகென் உங்களை ஒரு கட்டம் பின்னால் தள்ளியது. இரண்டாவது முறையும் அதையே செய்தார். மூன்றாவது முறை நீங்கள் அவருடைய உதை எட்டும் இடத்துக்கு அரைக் காலடி வெளியே நின்றீர்கள். உதை காற்றில் போனது, உதை படாததால் ஹடோகெனும் வரவில்லை, உங்கள் வாரல் உதை அவர் காலில் பட்டது. விழுந்தவரை நோக்கி நடந்து, எழும்போது பிடி எட்டும் தூரத்தில் நின்றீர்கள். நீங்கள் அடித்தது ஒரே ஓர் அடி; பெற்றது மூன்று கட்டம்.

கைலுக்கு எதிரே பொறுமை இன்னும் வேண்டும். சோனிக் பூம் என்ற ஃபயர்பாலுக்கு அவர் பின்திசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வீசியபின் விரைவில் மீள்கிறார். தாவினால் சாமர்சால்ட் கிக் காத்திருக்கிறது. ஆகவே அவருடைய பூமைவிட அவருடைய கால்களைப் பாருங்கள். அவர் முன்னால் நடக்கிறார் என்றால் பின்திசையில் கை இல்லை. பூம் உடனே வராது. அவர் முன்னால் வைத்த ஒவ்வொரு காலடிக்கும் நீங்களும் தயங்காமல் முன்னால் வையுங்கள். அவர் உட்கார்ந்து பூம்களை வீசும்போது பேரி பிடித்துப் பட்டையை நிரப்பிக்கொண்டு, பூமுக்குப் பின் ஓரிரு காலடி நடந்து மறுபடி பேரிக்குப் போங்கள். இந்த ஆட்டத்தில் ஒரு சுற்று முழு 99 விநாடியையும் எடுத்துக்கொண்டாலும் அதில் தவறில்லை.

தால்சிம்மின் கைகால்கள் திரையின் பாதி வரை நீள்கின்றன. ஆனால் நீண்டு வரும் கையும் அவருடைய உடம்புதான். அதை அடித்தால் அவருக்கே வலிக்கும். அவரை எட்டப் பார்க்காதீர்கள், அவருடைய கையை அடியுங்கள். இரண்டு முறை கையில் அடிபட்ட தால்சிம் நீட்டுவதைக் குறைத்துக்கொள்வார்.

முன்னிலையும் பயிற்சியும்

ஒரு பைல்டிரைவர் விழுந்து உயிர்ப்பட்டையில் நீங்கள் முந்திவிட்டால் நடுத்தூரத்தின் பொருளே மாறிவிடுகிறது. இப்போது அருகில் வர வேண்டியவர் எதிராளி. பைல்டிரைவருக்குப் பின் அவர் விலகிப் போய் விழுவதால் மறுபடியும் நீங்கள் அதே களத்தில்தான் நிற்பீர்கள்; உடனே ஓடிப் போய் ஒட்ட வேண்டும் என்ற துடிப்பை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள். கோட்டில் நின்று அவர் வருவதற்காகக் காத்திருந்தால், அவராகவே உங்கள் மீடியம் கிக்குக்குள் நடந்து வருவார். மூன்று சூப்பர் கட்டுகளும் நிரம்பி போல்ஷோய் ஸ்டார்ம் பஸ்டர் கையில் இருக்கும்போது இந்தக் காத்திருப்பு இன்னும் கனக்கும். இரட்டை வட்டம் சுழற்றும் அந்தப் பிடியை நீங்கள் ஒரு முறைகூடப் போடாவிட்டாலும், எதிராளி அதற்குப் பயந்து தாவிக்கொண்டே இருப்பார், நீங்கள் லாரியட்டை அழுத்திக்கொண்டே இருக்கலாம்.

இவற்றைப் பழக, பயிற்சி அறையில் எதிராளிக்கு நான்கு செயல்களைப் பதிவு செய்யுங்கள்: குனிந்த மீடியம் கிக், ஹடோகென், பின்தாவல், டிரைவ் ரஷ்ஷோடு ஓர் அடி. அவற்றை எந்த வரிசையும் இல்லாமல் ஓடவிட்டு, திரையின் நடுவிலிருந்து எதிராளியை மூலைக்குக் கொண்டுபோக முயலுங்கள். முதல் பத்து நிமிடம் எந்த அடியும் அடிக்கவே கூடாது. நடையும் தடுப்பும் பேரியும் மட்டும். அடுத்த பத்து நிமிடம் குனிந்த மீடியம் கிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பைல்டிரைவரைக் கடைசியாகச் சேருங்கள். எத்தனை அடி விழுந்தது என்பதை எண்ண வேண்டாம். எதிராளி மூலையைத் தொட எத்தனை விநாடி ஆயிற்று என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். முதல் நாள் என்னுடைய தாளில் 70-க்கு மேல் இருந்தது; மூன்றாவது வாரம் 30-க்குள் வந்தது. அதே வாரத்தில்தான் நான் தாவுவதும் குறைந்தது.